பண்டிகை இல்லாத 25 ஞாயிறுகள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சேகரம், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி, எதுவானாலும் அதன் வருட நாள்காட்டி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். டிசம்பர் பிறந்தால் கீத பவனி, கிறிஸ்மஸ், வருடக் கடைசி இரவு ஆராதனை. பிறகு நாற்பது நாள் தவக்காலமான லெந்து, குருத்தோலை, பெரிய வெள்ளி, ஈஸ்டர். அதைத் தொட்டு பிள்ளைகளுக்கான வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டம். நடுவில் எங்காவது ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனம் என்கிற பொது விருந்தும். ஜூன் பிறந்ததும் பந்தல்காரர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார், சபையும் படுத்துவிடும்.

2026-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். திரித்துவ ஞாயிறு மே 31. கிறிஸ்மஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறு நவம்பர் 29. நடுவில் 25 ஞாயிறுகள். பீடத்தில் பச்சை விரிப்பு போட்டால் மாற்ற வேண்டிய வேலையே இல்லாத காலம். ஏறக்குறைய அரை வருடம். ஊருக்குச் செய்ய வேண்டிய பணி முழுவதையும் இந்த 25 வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. பண்டிகையோடு ஒட்டவைத்த மருத்துவ முகாமும் உதவி வழங்கலும் பேனரோடு சேர்த்து அவிழ்த்து மடிக்கப்படுகின்றன.

காரணம் எளிது. கிறிஸ்மஸுக்கும் அசனத்துக்கும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அப்போது ஆள் இருக்கும், பணம் இருக்கும், ஆனால் எல்லார் கையும் பந்தலில் இருக்கும். ஜூனில் ஊரில் மிஞ்சுவது கிழவன் கிழவிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பீடி சுற்றுகிற பெண்களும். யாருக்காக ஊர்ப்பணி செய்கிறோம் என்கிறோமோ அவர்கள் மட்டுமே ஊரில் இருக்கிற மாதங்கள் அவை.

முதலில் ஆராதனை அட்டவணையைச் சரிசெய்யாமல் எதுவும் நடக்காது. ஒரு சேகரத்துக்கு ஒரு ஐயர் (குருவானவரை இங்கே அப்படித்தான் அழைப்போம்), எட்டு கிளைச் சபைகள் என்று வைப்போம். அப்பமும் ரசமும் பகிர்கிற நற்கருணையைப் பரிமாற குருவானவர்தான் வேண்டும். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியர் காலை ஆராதனை நடத்திவிடலாம். காலை 5.30, 7.30, 10 என்று மூன்று ஊர் ஓடினால் மூன்றாவது ஊரில் பிரசங்கம் பெயருக்குத்தான் இருக்கும். ஒரு ஞாயிறுக்கு இரண்டு ஊர் என்று நிறுத்தினால் நான்கு ஞாயிறில் எட்டு சபையும் முடியும், ஒவ்வொரு ஊருக்கும் மாதம் ஒரு நற்கருணை உறுதி. ஐந்தாம் ஞாயிறு வருகிற மாதங்களில் அதைச் சேகரக் கூட்டு ஆராதனைக்கு வைத்துக்கொள்ளலாம். 2026-ல் மார்ச், மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களுக்கு ஐந்து ஞாயிறு. இதில் மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு. எந்த ஊரும் தன் பவனியை விட்டு இன்னொரு ஊருக்கு வராது, அதை விட்டுவிடுங்கள். மிச்சம் மூன்று கூட்டு ஆராதனை. தாராளமாகப் போதும்.

இதில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பல சேகரங்களில் காலனிச் சபைக்கு மட்டும் எப்போதும் கடைசி நேரம் விழும். ஐயர் வரும்போது மணி பதினொன்றரை, வெயில் மண்டையைப் பிளக்கும், பிள்ளைகள் தூங்கியிருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரத்தைச் சுழற்றி எழுதினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எழுத மறுக்கிற கமிட்டியிடம் காரணம் கேளுங்கள், அப்போது தெரியும்.

ஆராதனை நேரத்தை ஊரின் வேலை தீர்மானிக்கட்டும். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி செம்மணல் தேரிப் பக்கத்தில் பங்குனி, சித்திரை, வைகாசி பதநீர் காலம். பனை ஏறுகிறவர் காலையும் மாலையும் பாளை சீவ வேண்டும். ஞாயிறு என்று பனை விடுமுறை கொடுக்காது. எட்டரை மணி ஆராதனைக்கு அவர் வரவில்லை என்று பிரசங்கத்தில் குத்திக்காட்டுவதைவிட மதியம் 12 மணிக்கு ஒரு சின்ன ஆராதனை வைப்பது எளிது. ஆற்றுப்பாசன ஊர்களில் கார் பருவ நெல் நடவு, பிசானப் பருவ நெல் அறுப்பு நாட்களில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் பகலில் கூட்டினால் தலைவியும் செயலரும் மட்டும் இருப்பார்கள். மாலை ஏழு மணிக்கு வையுங்கள், அதையும் முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள்.

தேதி குறிக்கும்போது ஊரின் அம்மன், சுவாமி கோயில் கொடை விழாவையும் பாருங்கள். கொடை பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில் வரும். அதே வாரத்தில் கன்வென்ஷன் வைத்து இரண்டு மைக் செட்டும் மோதிக்கொண்டால் பிறகு வருடம் முழுக்க எந்த ஊர்ப்பணியும் எடுபடாது. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஈஸ்டர் விடியற்கால ஆராதனையும் கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனையும் அதற்குள்தான் வருகின்றன. நம் ஆலயத்துக்குள் பெட்டி ஸ்பீக்கர் போதும். கோபுரத்துக் குழல் ஒலிபெருக்கியைக் கழற்றிவிடுங்கள்.

பெரிய வெள்ளியைப் பற்றி ஒரு வரி. 12 முதல் 3 வரை 180 நிமிடம், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி. ஒன்றுக்கு 25 நிமிடம். பாட்டு, வாசிப்பு, ஜெபம் போக செய்திக்கு 12 நிமிடம்தான். முதல் இரண்டு பேர் அரை அரை மணி எடுத்துக்கொள்வார்கள், ஏழாவது வார்த்தை தினமும் சொல்கிற ஜெபம் மாதிரி ஓடிப்போகும். முன்வரிசையில் ஒருவர் கையில் கடிகாரமும் நேர அட்டையும் கொடுங்கள்.

இனி அசனம். நம் சபைகளிடம் இருக்கிற ஊர்ப்பணியிலேயே பழையதும் நல்லதும் இதுதான். யார் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்த்திச் சோறு போடுவது இந்த மண்ணில் சின்ன விஷயம் கிடையாது. அதனால்தான் சபை உறுப்பினர் கட்டுகிற சங்கக் காணிக்கையைக் கட்டியவருக்கு மட்டும் டோக்கன், டோக்கனுக்குப் பார்சல் என்று மாற்றிய இடங்களைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. அதற்குப் பெயர் அசனம் இல்லை, லாபப் பங்கு. பந்தி நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் தூக்குவாளியில் வீட்டுக்குப் போகட்டும்.

அளவு: ஒரு கிலோ அரிசிக்கு எட்டு பேர். ஆயிரம் பேருக்கு 125 கிலோ. ஆட்டுக்கறி ஆளுக்கு 100 கிராம் என்றால் 100 கிலோ. 20 கிலோ உயிர் எடை உள்ள கிடா ஒன்பது பத்து கிலோ கறிக்கு மேல் தராது, ஆகவே பத்துப் பதினொரு கிடா. நேர்ச்சையாக வருகிற ஆடுகளை இப்போதே எண்ணாதீர்கள், கொண்டுவந்து கட்டிய பிறகு எண்ணுங்கள்.

கெடுவது பெரும்பாலும் சோறுதான். இரவு 2 மணிக்கே உலை வைத்து ஐந்து மணிக்குள் வடித்துக் குவித்துவிடுகிறார்கள். ஆராதனை நீண்டு, சிறப்பு விருந்தினர் பேசி, முதல் பந்தி உட்காரும்போது மணி ஒன்று. எட்டு மணி நேரம் குவியலில் கிடந்த சோறு நடுவில் சூடு அடங்காமல் நசநசத்து ஊசிவிடும். மேல்பரப்பைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. வடித்ததிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் இலையில் விழ வேண்டும் என்பதைக் கணக்கின் மறுமுனையாக வையுங்கள். 25 கிலோ அண்டா ஒரு ஈடு வடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். 125 கிலோவுக்கு ஐந்து ஈடு. இரண்டு அடுப்பு இருந்தால் மூன்று மணி நேரம். பதினொன்றரைக்குப் பந்தி என்றால் எட்டு மணிக்கு உலை கொதித்தால் போதும். ஓலைப்பாயில் வெள்ளைத் துணி விரித்து அரையடி உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள். ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் புளி சேர்ந்த குழம்பு வேண்டாம். ஆராதனை நீளுமானால் பேச்சைக் குறையுங்கள், சோறு காத்திருக்காது.

தண்ணீர்த் தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும், குடிக்க விடுவதற்கு முன் ஒரு மணி நேரம் விட வேண்டும். எச்சில் இலைக் குழியை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். பந்தி நடக்கும்போது மண்வெட்டி தேடுகிற காட்சி வேண்டாம்.

மருத்துவ முகாம் என் கண்ணில் மிகவும் உறுத்துகிற விஷயம். ஞாயிறு ஆராதனை முடிந்து பத்தரைக்குத் தொடங்கும். காலையில் இட்லி தின்றுவிட்டு வந்தவருக்குச் சர்க்கரை பார்ப்பார்கள். அது வெறும் வயிற்று அளவாகாது. வெயிலில் நடந்து வந்தவரை நிற்கவைத்தபடியே கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் எடுப்பார்கள். ஐந்து நிமிடம் உட்காரவைக்காமல் எடுத்த அளவை எழுதிப் பயனில்லை; 140/90-க்கு மேல் வந்தால் வேறொரு நாள் திரும்ப எடுக்காமல் வியாதி என்று முடிவு கட்டவும் கூடாது. பிறகு பத்து நாள் மாத்திரை. பதினோராவது நாள்?

முகாமை மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு மாற்றுங்கள். டாக்டர் தேவையில்லை, சபையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நிச்சயம் இருப்பார். வெறும் வயிற்றில் சர்க்கரை, உட்காரவைத்து பி.பி., ஒரு நீள நோட்டில் பெயர், தேதி, அளவு. சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பார்த்துத் திறந்த நாளை மேலே எழுதிவிடுங்கள், ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள். அளவு கூடியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிப் பதியவையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பெயர் ஏறிவிட்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். நாம் அவர்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டியதே இல்லை. மாத்திரை வந்ததா, விழுங்கினார்களா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கண் முகாமும் அப்படியே. அறுவைக்குப் பேருந்து ஏற்றிவிடுவது வரை எல்லாரும் செய்கிறார்கள். திரும்பி வந்தபின் சில வாரங்களுக்குத் தினமும் பலமுறை சொட்டு மருந்து விட வேண்டும். தனியாக இருக்கிற எழுபது வயசுப் பாட்டியால் தன் கண்ணுக்குத் தானே விட முடியாது, பாதி கன்னத்தில் வழியும். தெருவுக்கு இரண்டு பெண்கள் முறை வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு வந்தால் அதைவிடப் பெரிய ஐக்கிய சங்கப் பணி எனக்குத் தெரிந்து இல்லை. தயவுசெய்து மருந்துச் சீட்டோடு சுவிசேஷக் கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கும்போது நீட்டுவது சுவிசேஷம் ஆகாது.

இதற்கெல்லாம் பணம்? 1903-ல் நெல்லைச் சபைகள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம் என்றுதான் தொடங்கினார்கள். இன்றும் பிடி அரிசி இருக்கிறது. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். உலை வைக்கும்போது தினம் ஒரு பிடி எடுத்துவைத்தால் மாதம் ஒன்றரைக் கிலோ. 60 குடும்பம் உள்ள சபையில் 90 கிலோ. தனியாக இருக்கிற ஒன்பது முதியவர்களுக்கு ஆளுக்குப் பத்துக் கிலோ. இதை ஏலம் போட்டுக் காசாக்குகிற பழக்கத்தை விட்டுவிடலாம். பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்துவிட்டால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். யாரும் நல்ல விலைக்கு எடுக்கவும் மாட்டார்கள், ரேஷன் அரிசியை விற்பது குற்றமும்கூட. இரண்டு சாக்கு வைத்துத் தனித்தனியாக வாங்கி அந்த மாதமே கொடுத்துவிட்டால் வண்டும் விழாது.

காணிக்கையாக வருகிற விளைபொருளை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகையில் வேறு சிக்கல். முருங்கைக்காய்க் கட்டை ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டவர் உற்சாகத்தில் கேட்டுவிட்டுப் போய்விடுவார், பொருளாளர் அடுத்த பண்டிகை வரை வசூலுக்கு அலைவார். கேட்டவுடனே நோட்டில் கையெழுத்து வாங்கி இரண்டு வாரக் கெடு வையுங்கள். ஏல வரவில் மூன்றில் ஒரு பங்கை ஊர்ப்பணிக் கணக்குக்கு அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். வருடக் கடைசியில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றால் மிச்சம் இருக்கவே இருக்காது.

மாலைப் படிப்பு பற்றிச் சுருக்கமாக. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜனவரியில் ஜெபக்கூட்டம் வைப்பதற்குப் பதில் ஜூனில் கணக்கு சொல்லிக்கொடுங்கள். எந்த மதத்துப் பிள்ளையும் வரட்டும், ஜெபம் கட்டாயம் வேண்டாம். அறையில் எப்போதும் பெரியவர் இரண்டு பேர் இருக்க வேண்டும். வி.பி.எஸ்-க்கும் இதே விதிதான்.

கடைசியாக, ஐயர் மாற்றல். கிராமச் சேகரங்களில் நல்ல வேலை நின்றுபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. முகாம் நோட்டும், படுக்கையில் இருப்பவர்கள் பட்டியலும், பிடி அரிசிக் கணக்கும் ஐயர் வீட்டு அலமாரியில் இருந்தால் சாமான் ஏற்றும்போது தொலைந்துவிடும். மூன்றையும் சபை ஊழியரிடமும் ஐக்கிய சங்கச் செயலரிடமும் இரண்டு பிரதியாக வையுங்கள். படுக்கைப் பட்டியலில் பெயர், தெரு, காது கேட்குமா, விழுங்க முடியுமா, வீட்டு நற்கருணை கடைசியாக எப்போது என்பது வரை இருக்கட்டும். அதில் உள்ள வீடுகளுக்கெல்லாம் புது ஐயரை முதல் வாரத்திலேயே சபை ஊழியர் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், வரவேற்புக் கூட்டத்துக்கு முன்னாலேயே.