ஜன்னலைத் திறக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள்

நேற்று மாலை மகளுக்குக் காய்ச்சல். எங்கள் பகுதியில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். காத்திருக்கும் அறை எங்கள் வீட்டுக் கூடம் அளவுதான் இருக்கும். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபின் எண்ணிப் பார்த்தேன்: பெரியவர்களும் குழந்தைகளுமாக இருபத்திரண்டு பேர். குறைந்தது ஆறு குழந்தைகள் விடாமல் இருமிக்கொண்டிருந்தன. ஏசி ஓடியதால் இரண்டு ஜன்னல்களும் சாத்தியிருந்தன. கண்ணாடிக் கதவில் 'கதவை மூடிவிட்டு வரவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். என்னையும் மகளையும் தவிர வேறு ஒருவரும் முகக்கவசம் அணிந்திருக்கவில்லை.

ஒரு ஜன்னலையாவது திறக்க முடியுமா என்று டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். "ஏசி போட்டிருக்கிறதே, அக்கா" என்றாள். பக்கத்தில் இருந்த பெரியவர், "கொரோனாதான் போய்விட்டதே அம்மா, இன்னும் என்ன பயம்?" என்றார். பரிவோடுதான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோதுதான் உள்ளே போனோம். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2021 ஏப்ரல் 11, ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகளுக்கு வளைகாப்பு. அலட்சியமாக நடத்திவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கா எல்லாவற்றிலும் நிதானமானவள். அந்த ஒரு வருடமாகப் பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவித்தான் உள்ளே எடுத்தாள். காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தாள். ரூபாய் நோட்டை வெயிலில் காயவைத்தாள். விழாவுக்கு நெருங்கிய சொந்தம் முப்பத்தைந்து பேரை மட்டும் அழைத்தாள். மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் இருக்க வேண்டிய மேசையில் சானிடைசர் பாட்டிலை வைத்து, வந்தவர்கள் கையிலெல்லாம் அவளே ஊற்றினாள். நெற்றியில் கருவியைக் காட்டிக் காய்ச்சலும் பார்த்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

உள்ளே போனதும் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டார்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்குப் புழுக்கமாக இருக்கக்கூடாதே என்ற அக்கறைதான். இரண்டரை மணி நேரம். பெரியம்மாவும் அத்தைமார்களும் வளையல் அடுக்கிக்கொண்டே நலங்குப் பாட்டுப் பாடினார்கள். பாடுவதற்கு வசதியாக முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்கள். நானும் பாடினேன்.

மூன்றாம் நாள் அத்தான் வழிச் சொந்தத்தில் ஒரு தம்பிக்குக் காய்ச்சல். அடுத்த வாரத்துக்குள் பதினான்கு பேருக்கு. மே மாதம் அக்கா போய்விட்டாள். வயது ஐம்பத்து நான்கு. பேரனின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க என்னை உடைத்துப்போட்ட செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்று ஓர் ஊர். அங்கே ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு 2020 மார்ச் 10 அன்று ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். இரண்டரை மணி நேரம் பாடினார்கள். ஒருவருக்குச் சளி போன்ற தொந்தரவு இருந்தது. அந்த ஒருவரிடமிருந்து 52 பேருக்கு நோய் பரவியதாகக் கணக்கிட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். இந்த ஆய்வறிக்கை 2020 மே மாதமே வெளியாகிவிட்டது. எங்கள் மண்டபத்திலும் அதே இரண்டரை மணி நேரம், அதே பாட்டு. அறிக்கை வந்து பதினோரு மாதம் கழித்து நாங்கள் பாடினோம். அந்தச் செய்தியை எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார் இல்லை. பால் பாக்கெட்டைக் கழுவச் சொன்ன செய்தி மட்டும் வீட்டுக்கு வீடு வந்திருந்தது.

கொரோனா எப்படிப் பரவுகிறது என்று புரிந்துகொள்ள நம் அடுப்படியே போதும். காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டுக் கருகவிட்டால் என்ன ஆகிறது? அடுப்படியில் நிற்பவர் இருமுவதற்குள் கூடத்தில் இருப்பவர் இருமுகிறார். வாசல் திண்ணையில் இருப்பவர் இருமுவதில்லை. கூடத்தில் இருப்பவரை 'ஆறடி தள்ளி உட்கார்' என்று சொல்லிப் பயன் இல்லை. கையைக் கழுவச் சொல்லியும் பயன் இல்லை. ஜன்னலைத் திறக்க வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். ஒருவர் மூச்சுவிடும்போதும் பேசும்போதும் பாடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஈரத்துகள்கள் வெளியே வருகின்றன. பெரியவை சட்டென்று தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை அந்த நெடி போலவே நிமிடக் கணக்கில், சில நேரம் மணிக் கணக்கில் மிதக்கும். மூடிய அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும். இருமல் இருந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. கொரோனா தொற்றியவர் தமக்கு எந்தக் குறியும் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரப்பக்கூடியவர். நெற்றியில் காட்டிய கருவி எங்கள் தம்பியைக் கண்டுபிடிக்காமல் போனது அதனால்தான்.

வீட்டிலும் கடையிலும் இருக்கும் சுவர் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. அது அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சௌ நகரத்தில் ஓர் உணவகத்தில், ஒரே ஏசிக் காற்றின் வழியில் மூன்று மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அந்தக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று அறிமுகம்கூட இல்லாதவை.

2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் 'கொரோனா காற்றில் பரவுவது அல்ல' என்று அடித்துச் சொன்னது. அந்த ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் ஆகியோர் எழுதிய கடிதத்தை 239 அறிவியலாளர்கள் ஆதரித்து, காற்றைக் கவனியுங்கள் என்று மன்றாடினார்கள். நீண்ட தூரம் காற்றில் மிதந்து பரவக்கூடும் என்பதை அந்த நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் 30 அன்று. அக்கா அப்போது ஆக்சிஜன் படுக்கையில் இருந்தாள்.

இந்தத் தாமதம் வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் கெட்ட காற்றுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்துத்தான் கிருமிக் கொள்கை வந்தது. அதனால் 'காற்று' என்ற சொல்லைக் கேட்டாலே பழைய மூடநம்பிக்கை திரும்புகிறதோ என்று மருத்துவ உலகம் தயங்கியது. ஐந்து மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துளிகள் எல்லாம் உடனே விழுந்துவிடும் என்று பாடநூல்களில் ஒரு தவறும் தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்பட்டு வந்தது. 1930-களில் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் கணக்கிட்டுச் சொன்ன எல்லை நூறு மைக்ரான். காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழம் வரை போவதற்குத் துகள் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்ற வேறொரு கணக்கிலிருந்து வந்தது அந்த ஐந்து. இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள் என்பதைப் பெருந்தொற்றின் நடுவில்தான் காற்றில் மிதக்கும் துகள்களை ஆராயும் லின்சி மார் முதலானோர் பழைய தாள்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வெல்ஸின் வழியில் வந்த ஒரு சோதனையை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. 1950-களின் இறுதியில் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய், கினிப் பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளிகளை ஒருபோதும் பார்த்திராத அந்தப் பிராணிகளுக்குக் காசம் வந்தது. புற ஊதா ஒளியால் கிருமி கொன்ற காற்றைச் சுவாசித்தவை தப்பித்தன.

நம் மண்ணிலும் இந்த அறிவு இருந்தது. சென்னை மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தை எத்தனை முறை கடந்திருப்போம்! 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக அந்த மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். நல்ல காற்றும் வெளிச்சமும் அவருடைய மருத்துவத்தின் பாதி. இன்னும் பின்னே போனால், ஜன்னலுக்கு நம் முன்னோர் வைத்த ஒரு பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. முற்றம் வைத்த வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டினோம். காலதரைச் சாத்திவிட்டு ஏசி மாட்டினோம். வெயில் கொடுமையில் ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஏசி ஓடும்போதே ஒரு ஜன்னலை நாலு விரற்கடை திறந்துவைக்கலாம். மின்கட்டணம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பரவும் வழி தெரியாத பயம் மனிதரை என்ன செய்யவைக்கிறது என்பதையும் பார்த்தோம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். உள்ளே நுழைந்தவர் மேலெல்லாம் மருந்து தெளித்தது. நாடே பாராட்டியது, பல ஊர்கள் பின்பற்றின. நோய் நுரையீரலில் இருக்கிறது, சட்டையில் மருந்து தெளித்து என்ன பயன்? கண்ணுக்கும் தோலுக்கும் கேடு என்று அதே மாதத்திலேயே அரசு தடுத்தது. அந்த ஏப்ரலிலேயே சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. நண்பரான இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். முறையாகப் பொதிந்து குழியில் இறக்கிய உடல் மூச்சுவிடாது, பேசாது, இருமாது. அதைக் கண்டு பயந்தவர்கள், மறுநாள் நெரிசலான கடைக்குள் முகக்கவசம் இல்லாமல் நின்றிருப்பார்கள். அவர்களைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கே பயப்பட வேண்டும் என்று யாராவது அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்களா?

இந்த ஆண்டுகளில் புதிய வைரஸ் என்ற தலைப்பு மறுபடியும் வந்தது. 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்ற சளி, இருமல் வைரஸ். பெங்களூருவில் குழந்தைகளுக்கு, சென்னையிலும் சேலத்திலும் தலா ஒருவருக்கு என்று செய்தி வந்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கஷாயக் குறிப்புகள் வரிசைகட்டின. உண்மையில் அந்த வைரஸ் 2001-இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக மனிதரிடம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவில் ஒருவர்கூட ஜன்னலைப் பற்றி எழுதவில்லை. நான் எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

இனி ஒரு புதிய மூச்சுநோய் வந்தால் நான் முதலில் கேட்கப்போகும் கேள்வி, இது எந்த வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது என்பதுதான். பெயர், எந்த நாடு, யார் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். விடை உறுதியாகத் தெரியும் வரை காற்றில் பரவும் என்றே எடுத்துக்கொள்வேன். அந்த எச்சரிக்கை தவறாகிப்போனால் நமக்கு நட்டம் கொஞ்சம் மின்சாரமும் ஒரு முகக்கவசமும்தான். கை கழுவுவதை விடச் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு முதல் எத்தனையோ நோய்க்கு அது காவல்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் என்றால் அவருக்கு ஜன்னல் உள்ள அறையைக் கொடுங்கள். அந்த ஜன்னலில் ஒரு மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அறைக் காற்று வீட்டுக்குள் வராமல் தெருப்பக்கம் போகும். உள்ளே போகிறவரும் நோயாளியும் என்95 அணியட்டும். துணிக் கவசமோ நீலநிற அறுவைக் கவசமோ கன்னத்தின் பக்கவாட்டில் இடைவெளி விடும். நெடி அந்த வழியாகத்தான் போகும். என்95-ஐத் துவைக்கக்கூடாது. அதன் நடு அடுக்கில் இருக்கும் மின்னேற்றம்தான் நுண்துகளைப் பிடிக்கிறது, சோப்பு பட்டால் அது போய்விடும். முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று இருக்கட்டும். அது காட்டும் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால், மூச்சுத் திணறல் தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அக்கா 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாள் தாமதித்தாள். மூச்சு முட்டவில்லை என்பதை நாங்களும் நம்பினோம்.

'நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது?' என்று கேட்பவர்களின் சலிப்பு எனக்குப் புரிகிறது. புதிய நோயில் அறிவு வளர வளரச் சொல் மாறத்தான் செய்யும். மாறியது எனக்குக் குறையே இல்லை. மாறியதை, பால் பாக்கெட்டைப் பற்றிச் சொன்ன அதே குரலில், அதே ஒலிபெருக்கியில் வந்து சொல்லவில்லை என்பதுதான் என் குறை. சானிடைசர் பாட்டிலும் நெற்றிக் கருவியும் வாசலில் அப்படியே நின்றன. கதவு மூடியே இருந்தது.

அடுத்த வாரம் மகள் படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம். நான் உறுப்பினர். அவள் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள், ஜன்னல்கள் ஆறு. அதில் நான்கு, சாலைத் தூசி வருகிறது என்று ஆணி அடித்து மூடியவை. ஆணியைப் பிடுங்கி வலை அடித்துத் தரத் தச்சர் ஒருவரிடம் விலை கேட்டிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளின் வகுப்பில் எத்தனை ஜன்னல்கள் திறக்கின்றன என்று போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். கூட்டத்தில் படித்துக் காட்ட எனக்கு வேண்டும்.