கேள்வி எனக்கு, பதில் அவனுதா?

கேட்டது என்னை. பதில் சொன்னது என் மகன்.

ஸ்வீடனோட வடகோடியில அபிஸ்கோன்னு ஒரு ஊர். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே சுமார் 200 கிலோமீட்டர். அங்கேருந்து குங்ஸ்லேடன் மலைப்பாதை கிளம்புது. முழுப் பாதை 400 கிலோமீட்டருக்கு மேல. அதுல நிக்கலுவொக்தாங்கிற ஊர்ப் பக்கம் இறங்குற 100 சொச்சம் கிலோமீட்டரை நானும் என் மகனும் ஏழு நாள் நடந்தோம். எனக்கு 59 வயசு, அவனுக்கு 31. மூணாம் நாள் சாயங்காலம் ஒரு மலைக்குடிசை வாசல்ல அதைப் பார்த்துக்குற அம்மா என் கையில ஒரு கோப்பை லிங்கன்பெரி ஜூஸைக் குடுத்து, என் கண்ணைப் பார்த்து, "நடை எப்படி இருந்துச்சு?"ன்னு கேக்குறாங்க. நான் வாயைத் திறக்கல. அதுக்குள்ள பின்னாடியிலேருந்து குரல் வருது: "ஷீ இஸ் ஓகே. ஜஸ்ட் டயர்ட்."

யாருடா டயர்ட்?

இது மலையில ஆரம்பிச்ச வியாதி இல்லை. இங்க சிங்கப்பூர்ல பலதுறை மருந்தகத்துல தாதி என்கிட்ட "காலையில சாப்டீங்களா?"ன்னு கேட்டா இவன் பதில் சொல்றான். என் வயிறு, என் இட்லி, இவன் பதில். போன் கடையில எனக்கு என்ன திட்டம் வேணும்னு இவனுக்குத்தான் தெரியும். கோப்பிக்கடையில நான் நிமிர்ந்து பார்க்குறதுக்குள்ள "அம்மாவுக்கு தே ஓ கோசோங்". எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, ஐயா. இவன் ஏதோ வீடியோ பார்த்திருக்கான், அதுக்கு நான் சீனியில்லாத தேத்தண்ணி குடிக்கணும்.

இத்தனைக்கும் நான் 27 வருஷம் கப்பல் சரக்கு நிறுவனத்துல கணக்குப் பார்த்தவ. கிரேக்கக்காரன், நார்வேக்காரன்னு எல்லாரோடயும் போன்ல மல்லுக்கட்டிப் பில் பணத்தை வசூல் பண்ணினவ. எனக்குப் பேச வராதா?

பயணம் கிளம்புறதுக்கு முன்னாடியே கூத்து தொடங்கிடுச்சு. தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு நிறுக்குற என் தராசை எடுத்து மேசையில வச்சான். என் மூட்டையிலிருந்து ஒவ்வொண்ணா எடுத்து நிறுத்து ஒரு தாள்ல எழுதுறான். சீப்பு எத்தனை கிராம், விபூதி டப்பா எத்தனை கிராம். பல்தேய்க்கிற பிரஷ்ஷைப் பாதியா வெட்டினான். அதுல மிச்சமான நாலு கிராமை வச்சு யாரு வீடு கட்டப் போறா? எலுமிச்சை ஊறுகாய் கண்ணாடி போத்தல் 420 கிராம். "மா, இது தேவையில்லை"ன்னான். தேவையா இல்லையான்னு என்னைக் கேட்டானா? கேக்கல. நெய்யையும் எடுத்து வெளியே வச்சான். சரி, அதுல அவன் சொன்னது நியாயம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளியூர்ப் பால் பொருளைக் கொண்டு போகக்கூடாது. ஜீன்ஸ் வேண்டாம்னதும் நியாயம்தான். நனைஞ்ச பருத்தித் துணி காயவே காயாது, குளிர்ல உயிரை எடுக்கும். நான் கேக்காம ஒண்ணு போட்டுட்டுப் போய் ரெண்டாம் நாள் சதுப்புல பலகைப் பாதை வழுக்கி விழுந்து, முழங்கால் வரைக்கும் ஈரத்தோட நடுங்கினேன். ஒத்துக்குறேன். ஆனா ஊறுகாய்? பிளாஸ்டிக் பையில மாத்தி, நெத்திலி சம்பலுக்கு அடியில ஒளிச்சுக் கொண்டு போனேன். நாலாம் நாள் ராத்திரி தண்ணி ஊத்திக் கிளறுற பாக்கெட் சோத்துல அதை வழிச்சு வழிச்சுத் தின்னது யாருங்கிறீங்க?

பயிற்சியிலயும் இவன் அதிகாரம்தான். இந்த ஊர்ல உயரமான இயற்கைக் குன்றே புக்கிட் தீமா, 163 மீட்டர். அதை வச்சு என்ன மலையேறிப் பழகுறது? வீவக, அதாவது அரசு அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டுதான் நமக்கு மலை. ரெண்டு அரிசிப் பையை முதுகுல கட்டிக்கிட்டுப் பதினாறு மாடி ஏறி, மின்தூக்கியில இறங்கி, திரும்ப ஏறினேன், மூணு மாசம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி "மின்தூக்கி கெட்டுப்போச்சா?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க. அவங்க கேட்டதுக்கு நானே பதில் சொன்னேன், ஏன்னா அந்த நேரத்துல இவன் ஆபீஸ்ல இருந்தான்.

அங்க போய்ப் பார்த்தா, அந்த ஊர்க்காரங்க சட்டமே என்னைப் பார்த்துச் சிரிக்குது. இங்க கிழக்குக் கடற்கரைப் பூங்காவுல ஒரு ராத்திரி கூடாரம் போடவே அனுமதிச் சீட்டு எடுக்கணும். ஸ்வீடன்ல 'அல்லெமான்ஸ்ரெட்டன்'னு ஒண்ணு இருக்கு. இயற்கை எல்லாருக்கும் பொதுங்கிற உரிமை. 1994ல அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க. வீடுங்களுக்குப் பக்கத்துல போகாம, எதையும் பாழாக்காம இருந்தா, யாரோட நிலமா இருந்தாலும் ஒரு ராத்திரி தங்கலாம். அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள்ள மட்டும் குறிச்சுக் குடுத்த இடத்துலதான். அப்படி எல்லாருக்கும் உரிமை இருக்குற தேசத்துல, கூடாரம் பள்ளத்துல வேண்டாம், மேட்டுல போடுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை! "மா, நான் ஆர்மியில போட்டிருக்கேன், எனக்குத் தெரியும்." ஆமா, தேசிய சேவையில ரெண்டு வருஷம் காட்டுல படுத்தவன்தான். அந்தச் சேத்து உடுப்பை வாராவாரம் ஊற வச்சுத் துவைச்சவளுக்குத் தண்ணி எங்க தேங்கும்னு தெரியாதா? விடியக்காலை அவன் தூங்குபையோட கால்மாடு சொதசொதன்னு. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருந்தது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

எதிரே வர்றவங்க எல்லாம் "ஹேய்"னு சொல்லிட்டுப் போவாங்க. சிலர் நின்னு பேசுவாங்க. சேக்த்யா கணவாய் இந்தப் பாதையிலேயே உச்சி, 1,150 மீட்டர். கல்லும் காத்துமா ஏறி அங்க இருக்குற சின்ன மரக்குடிசையில ஒண்டினப்போ ஒரு ஜெர்மன் தம்பதி, என்னைவிட மூத்தவங்க, "எங்கேருந்து வர்றீங்க?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. இவன் முந்திக்கிட்டு, "சிங்கப்பூர். திஸ் இஸ் மை மம், ஹெர் ஃபர்ஸ்ட் டைம்"னு, ஏதோ சாமான் இறக்குமதி பண்ணின மாதிரி. அந்தப் பொம்பளை என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துட்டு, பிஸ்கட்டை அவனைத் தாண்டி என் கையில குடுத்தாங்க. புண்ணியவதி.

அதுக்கு முந்தின ராத்திரி, அலெஸ்யவ்ரே ஏரிக்கரையில, ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எழுந்து வெளிய வந்தேன். வானம் பூராவும் பச்சையா அலையுது, சேலையை உதறிக் காயப்போடுற மாதிரி. அவனை எழுப்பல. வேணும்னேதான் எழுப்பல.

கடைசியில கெப்னெகைசே மலைத்தங்குமிடத்துல வெடிச்சேன். முகப்புல இருந்த பொண்ணு "இரவு உணவு எத்தனை மணிக்கு வேணும்?"னு என்னைக் கேட்டா, இவன் வாயைத் திறந்தான். "நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்"னு சத்தமாவே சொல்லிட்டேன், தமிழ்ல. அந்தப் பொண்ணுக்குக்கூடப் புரிஞ்சிருக்கும். மறுநாள் நிக்கலுவொக்தா வரைக்கும் 19 கிலோமீட்டர், ஐயா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு முன்னாடி நடக்குறார். பாதி வழியில திரும்பி நின்னு கேட்டானே ஒரு கேள்வி: "நான் உதவிதானே பண்றேன்? சின்ன வயசுல பல் டாக்டர் என் பேரைக் கேட்டாக்கூட நீங்கதானே சொல்வீங்க?"

அது உண்மைதான். பேரு, வயசு, எந்தப் பல்லு வலிக்குது, எல்லாம் நான்தான் சொன்னேன். ஆனா அப்ப உனக்கு எட்டு வயசுடா. எனக்கு இப்ப எட்டா? அம்பத்தொன்பதும் எட்டும் உன் கணக்குல ஒண்ணா? இதை அங்கேயே கேட்டேன். பதில் இல்லை. மத்தவங்க கேள்விக்கெல்லாம் பதில் வச்சிருக்கிறவன்கிட்ட என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

ஊருக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. நேத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுல என் தங்கச்சி கேட்டிருக்கா: "அக்கா, அடுத்த வருஷம் நார்வேயாமே, நீயும் போறியா?" அடுத்த நிமிஷமே இவன்: "அம்மா வர்றாங்க சித்தி."

அக்கான்னு கூப்பிட்டுக் கேட்டது என்னை.

நான் இன்னும் பதில் போடல. படிச்சுட்டேன்னு நீல டிக் தெரியட்டும், அவன் பார்த்துக்கிட்டே இருக்கட்டும்.