400 குதிரைக்கு எந்த எல்.எஸ்.டி?

"அண்ணே, வண்டி 400 குதிரை வந்துருச்சு. டூ-வே போட்டா சரியா இருக்கும்ல?"

இந்த ஒரு மாதத்தில் மூன்று தம்பிகள் இதே கேள்வியை அனுப்பிவிட்டார்கள். இன்ஜின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் எல்.எஸ்.டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்). டூ-வே அதில் தட்டுகளால் பூட்டும் ஒரு வகை. மூவரும் குதிரைத்திறனை அளந்த டைனோ தாளைப் படமெடுத்து அனுப்பினார்கள். என்ன டயர் ஓடுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். இதில் தவறு செய்தால் காசோடு போகாது, உயிருக்கே ஆபத்து.

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாயும்போது உள்சக்கரம் லேசாகிவிடும். அந்த லேசான சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்கும். மிச்சமெல்லாம் உள்டயரின் புகையாகப் போய்விடும். இது புதிய தலைவலி இல்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930களில் ஆட்டோ யூனியனுக்கு வடிவமைத்த 16 சிலிண்டர் பந்தயக் காரில், 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட ஒரு பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றது. அதற்காகத்தான் 1935இல் இசட்.எஃப் நிறுவனத்திடம் சொல்லி, சக்கரச் சுழலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் ஒன்றைச் செய்யவைத்தார்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதை விற்பவர்கள் சொல்வதில்லை. சாதாரண டிஃபரன்ஷியலில் உள்சக்கரம் சுழலும்போது, வெளிச்சக்கரம் தன் பக்கவாட்டுப் பிடிப்பை விடாமல் வண்டியைத் தாங்கி நிற்கும். முன்னே போகாது, ஆனால் வாலும் வீசாது. இறுக்கமான எல்.எஸ்.டி போட்டபின் பிடிப்பு விட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே விடும். அப்போது பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே மிச்சம் இல்லை. எல்.எஸ்.டி புதிதாகப் பிடிப்பை உண்டாக்காது, இருக்கிற பிடிப்பைப் பங்குபோட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்.

எனக்கு நெருக்கமான ஒரு தம்பியிடம் நிசான் சில்வியா எஸ்15 ஸ்பெக்-ஆர் கார் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது 250 குதிரை, பின்னால் ஹெலிக்கல் எனும் பற்சக்கர வகை எல்.எஸ்.டி. டர்போ மாற்றி, எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர் மாற்றி, 400ஐத் தொட்டான். "இந்தச் சக்திக்கு ஹெலிக்கல் பத்தாது" என்று யாரோ சொல்ல, அதைக் கழற்றிவிட்டு, பழைய டூ-வே ஒன்றை ரொம்ப இறுக்கமான ப்ரீலோடில் (தட்டுகளை முன்கூட்டியே நெருக்கி வைக்கும் அழுத்தம்) மாட்டிவிட்டார்கள். டயர் மட்டும் பழசு. ஒரு சாயங்காலம், மழை விட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ரவுண்டபவுட்டில் டர்போ பிடித்த அதே நொடியில் பின்பக்கம் முழுசாகக் கழன்று வண்டி எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஏதும் இல்லாதது நல்ல காலம். நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். இதை எழுதும்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பெரும்பாலும் ரோட்டில் ஓடும் பின்சக்கர வண்டிக்கு, 400 குதிரை ஆனாலும், நல்ல ஹெலிக்கல்தான் சரி. குதிரைக் கணக்கை வைத்து வகையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த விசையைத் தாங்கும் உறுதி டிஃபரன்ஷியல் பெட்டிக்கும் ஆக்சிலுக்கும் இருக்கிறதா என்று மட்டும்தான் குதிரைக் கணக்கு சொல்லும்.

ஹெலிக்கலில் தட்டுகள் இல்லை, பற்சக்கரங்களே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வேலை செய்யும். பிடிப்புள்ள சக்கரத்துக்கு எத்தனை மடங்கு விசை போகும் என்ற விகிதம் 2.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்சக்கரம் 200 நியூட்டன் மீட்டர் தாங்கும் இடத்தில் வெளிச்சக்கரத்துக்கு 500 வரை போகும். காலை எடுத்தால் சத்தமில்லாமல் தளரும். பார்க்கிங்கில் கடகடக்காது, வருஷக்கணக்கில் தேயாது. வழுக்கல் குறைக்கும் எல்.எஸ்.டி சேர்மானம் எதையும் இதன் எண்ணெயில் ஊற்றாதீர்கள். அந்த உராய்வுதான் இதன் உயிர்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. உள்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் அங்கே தாங்கும் விசை பூஜ்யம். பூஜ்யத்தை 2.5ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்தான். டோர்சன் என்ற பற்சக்கர வகை எல்.எஸ்.டி பூட்டிய அமெரிக்க ராணுவ ஹம்வீ வண்டி ஓட்டுநர்களுக்கு, சக்கரம் தூக்கினால் ஆக்சிலேட்டரோடு பிரேக்கையும் லேசாக அழுத்தச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். பிரேக் அந்தச் சக்கரத்துக்கு ஒரு பொய்ப் பாரத்தைக் கொடுக்கும். நம் வண்டிகளில் சக்கரம் தூக்குவதற்கு முக்கியக் காரணம் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கப் பின்னால் போடும் தடித்த ஆன்டி-ரோல் பார். டிஃபரன்ஷியலைக் குறை சொல்லும் முன் அந்தப் பாரைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்.

தட்டு வகை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாதை ஓரக் கெர்ப் மேல் ஏறி இறங்கும் டிராக் வண்டிக்கும், வேண்டுமென்றே பின்பக்கத்தைச் சறுக்கவிடும் டிரிஃப்ட் வண்டிக்கும் அதுதான். சக்கரம் தூக்கினாலும் ப்ரீலோட் பிடித்துக்கொள்ளும். ஒன்-வே ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் பூட்டும், டூ-வே காலை எடுத்தாலும் அதே இறுக்கத்தில் பூட்டும், 1.5-வே இரண்டுக்கும் நடுவே. டூ-வே பிரேக் பிடிக்கும்போது வண்டியை நிலையாக வைக்கும், ஆனால் வளைவுக்குள் நுழைய மூக்கு மறுக்கும். டிராக்குக்கும் ரோட்டுக்கும் ஒரே வண்டி என்றால் 1.5க்கு மேல் போகாதீர்கள். எவ்வளவு இறுக்கமாகப் பூட்டும் என்பதை முடிவு செய்யும் உள்சரிவுக் கோணத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள், எல்லோரும் ஒரே மாதிரி அளப்பதில்லை. மாட்டியதும் காலி இடத்தில் மெதுவாக எட்டு போட்டுத் தட்டுகளைப் பழக்கி, அந்த எண்ணெயை வடித்து மாற்றவேண்டும். தட்டு தேயும், ஒருநாள் பிரித்தே ஆகவேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

சிலிகான் திரவத்தில் ஓடும் விஸ்கஸ் வகை, சக்கரம் சுழன்றபிறகுதான் விழித்துக்கொள்ளும், வயதானால் வலுவும் போய்விடும். 400 குதிரைக்கு அது பேச்சே இல்லை. இரண்டு சக்கரமும் எப்போதும் ஒன்றாகவே சுழலும்படி வெல்டிங் வைத்த டிஃபரன்ஷியலை ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மழை பெய்யும் ஊர் இது. மலிவாக முடிகிறது என்று சொல்லி அதைச் செய்துகொடுக்கும் பட்டறைகள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

எஸ்15 தம்பி பழைய ஹெலிக்கலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான். அதையே திரும்ப மாட்டி, மிச்சப்பட்ட காசில் நான்கு நல்ல டயர் வாங்கினான். பின்பக்க ஆன்டி-ரோல் பார் ஒரு படி தளர்ந்தது. அடுத்து செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போனோம். அங்கே கடைசி வளைவான பதினைந்து, இரண்டு நீண்ட நேர்பாதைகளுக்கு நடுவே வரும் ஹேர்பின். டிஃபரன்ஷியல் எப்படி என்று அதிலிருந்து வெளியே வரும்போது தெரிந்துவிடும். மதியம் தூறல் வேறு. வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "அண்ணே, வால் போகப் போகுதுன்னா இப்ப முன்னாடியே தெரியுது" என்றான்.

கேட்ட மூன்று பேரும் டயர் பெயர், அளவு, எந்த வருஷம் செய்தது, பின்னால் என்ன பார், மாதத்தில் எத்தனை நாள் டிராக், இதையெல்லாம் அனுப்புங்கள். டைனோ தாள் வேண்டாம்.