எழுபதாவது கோப்பையில் நாக்கு என்ன சொல்லும்?
வணிகர்களுக்கான சுவைப்பு நிகழ்வு ஒன்றில் ஒரே பகலில் எழுபது ஒயின்களைச் சுவைத்து, அவற்றுள் மூன்றைத் தம் புதிய விருப்பங்களாக ஒயின் வணிகர் ஒருவர் கண்டுகொண்டார் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை கூறுகிறது. அந்த மூன்றும் எத்தனையாவது கோப்பையில் வந்தன என்பதையும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வாய் ஒயினையும் விழுங்காமல் துப்பினாலும், சிவப்பு ஒயினில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து நாக்கை வறளச் செய்துவிடுகிறது. நேரம் ஆக ஆக மென்மையானவை அடையாளமின்றிப் போக, இனிப்பும் அடர்த்தியும் ஓங்கியவையே கவனத்தை இழுக்கின்றன. கொள்முதல் பணியில் சேர்ந்த புதிதில் நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். மாலையில் சுவைத்த ஷிராஸ் என்னும் ஓர் அடர்ந்த சிவப்பு ஒயினுக்குக் குறிப்பேட்டில் இரண்டு நட்சத்திரம் இட்டு ஆறு பெட்டிகள் வாங்கினேன். வீட்டில் உணவோடு திறந்தபோது இரண்டாம் கோப்பையை முடிக்க இயலவில்லை. 'மெலிந்தது' என்று நான் அடித்துவிட்டிருந்த காமே என்னும் மென்மையான சிவப்பு ஒயினோ அதே மேசையில் அடிவரை காலியாயிற்று. அக்கட்டுரைக்குக் கருத்திட்ட நண்பர் ஒருவர், இப்படி ஏமாறாதிருக்கப் புட்டியின் பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டால் போதும் என்கிறார். 1976இல் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாரிசில் நடத்திய சோதனையில், பெயர் மறைக்கப்பட்ட நிலையில் கலிபோர்னிய ஒயின்கள் பிரெஞ்சு ஒயின்களை முந்தி முதலிடம் பெற்றன என்பது உண்மையே. ஆனால் மறைப்பு முன்முடிவைத்தான் நீக்கும், களைத்த நாக்கைத் தேற்றாது. பிடித்தவற்றில் ஒவ்வொரு புட்டியைக் கேட்டு வாங்கி, மறுநாள் இரவு உணவோடு குடித்துப் பார்த்த பின்னரே இப்போதெல்லாம் நான் கொள்முதலை உறுதி செய்கிறேன்.