ஹீட் பம்ப்: பெரியதாக இருந்தால் நல்லது என்பது தவறு

ஹீட் பம்ப் என்பது ஏசி மாதிரியான இயந்திரம், வெப்பத்தை வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளிருந்து வெளியேயும் கடத்தும். வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் அது ஒன்றே போதும் என்று அதை வாங்குவது பற்றிய கட்டுரை ஒன்று சொல்வது சரிதான். ஆனால் "சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு பெரியதாக எடுங்கள்" என்ற அதன் யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். பெரிய இயந்திரம் சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது. அறை சில்லென்று இருக்கும், உடம்பு மட்டும் பிசுபிசுக்கும். கம்ப்ரசரின் ஆயுசும் குறையும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையிலும் இது நடக்கலாம். அது எவ்வளவு தூரம் வேகத்தைக் குறைத்து ஓடும் என்பதற்குக் குறைந்தபட்சத் திறனைப் பாருங்கள்.

அப்புறம் சிஓபி, அதாவது செலவாகும் மின்சாரத்தைப்போல எத்தனை மடங்கு வெப்பம் கிடைக்கும் என்ற எண். 4 என்று போட்டிருந்தால் 1 யூனிட் மின்சாரத்துக்கு 4 யூனிட் வெப்பம். பெரும்பாலும் அது வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. உறைபனிக் குளிரில் கணிசமாகக் குறையும். வெப்பம் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். மைனஸ் 7 டிகிரியில் எத்தனை கிலோவாட் தரும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். சதுர அடியை மட்டும் கேட்டு அளவு சொல்பவரை நம்பாதீர்கள். சுவர், ஜன்னல், காற்றுக்கசிவு எல்லாம் பார்த்து அறை அறையாகக் கணக்கிட வேண்டும். கூரைக்கு இன்சுலேஷன் போடுவதாக இருந்தால் அதை முதலில் முடியுங்கள், சிறிய இயந்திரமே போதுமானதாகிவிடும்.

குளிர்காலத்தில் வெளி யூனிட்டிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தால் பயப்பட வேண்டாம், பனியை உருக்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் வடிய இடம் விட்டு, தரையிலிருந்து உயர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள்.