மாண்டிசோரி ஏற்காட்டில் தொடங்கியதா?

சேலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி ஏற்காட்டில் தங்கித்தான், பிள்ளைகள் தாங்களே பொருள்களைக் கையாண்டு கற்கும் தன் கல்வி முறையை உருவாக்கினாராம். அது வசதியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கான முறையாம். இரண்டுமே தவறு.

அவருடைய முதல் பள்ளி, 'குழந்தைகள் இல்லம்', 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோவில் திறக்கப்பட்டது. அது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாத பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள். இந்த உண்மையை மறைப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இன்றைய கட்டணத்தைப் பார்த்து முறையையே பணக்காரர்களுடையது என்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, மலை எங்கிருந்து வந்தது? பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) அழைப்பில் 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்க, இத்தாலியர் என்பதால் ஆங்கிலேய அரசு அவருக்குக் கட்டுப்பாடு விதித்தது. போர்க்காலத்தில் அவர் தங்கியிருந்த மலை கொடைக்கானல். ஏற்காட்டுக்கு 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி போன்ற சொந்தப் பெருமை உண்டு, இரவல் தேவையில்லை.

அப்புறம், 'மாண்டிசோரி' என்று யார் வேண்டுமானாலும் பலகை வைக்கலாம். சேர்க்கும் முன் ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார், இந்த முறைப்படி 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.