மின்சாரம் விற்றவர் கடையைச் சாத்தியபோது

போன வாரம் ஊரிலிருந்து பேசிய சித்தப்பா கேட்டார்: "ஏம்மா, சிங்கப்பூர்ல சிம் கார்டு மாத்துற மாதிரி கரண்ட் கம்பெனிய மாத்திக்கலாமாமே, நெசமா?" ஒரே பகுதியில் பல நிறுவனங்கள் மின்சாரம் விற்கலாம் என்ற மின்சாரத் திருத்த மசோதா 2022-இல் இந்திய மக்களவைக்கு வந்த நாளிலிருந்தே இந்த சிம் கார்டு உதாரணம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஆமா சித்தப்பா, நானே மாத்தினேன்" என்றேன். ஆனால் அந்த ஒரு வரி பாதி உண்மைதான். மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடுகள் விரும்பிய நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம் என்ற திறந்த மின்சாரச் சந்தை, 2018 ஏப்ரலில் சிங்கப்பூரில் முதலில் தொடங்கியதே எங்கள் ஜூரோங்கில்தான். அந்த ஆண்டு நவம்பர் முதல் வட்டாரம் வட்டாரமாக விரிந்து, 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதும் வந்துவிட்டது. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, பலூன் கட்டி, கையெழுத்துப் போட்டால் பேரங்காடிப் பற்றுச்சீட்டு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காய்கறிப் பையோடு வந்த அம்மாவை ஒரு தமிழ்ப் பையன் நிறுத்தினான். "ஆன்ட்டி, வயர் அதே வயர். மீட்டர் அதே மீட்டர். பில் மட்டும்தான் குறையும்." அம்மா விடவில்லை. "வயரும் உங்களுது இல்ல, மீட்டரும் உங்களுது இல்ல. அப்ப நீங்க என்னதாம்பா விக்கிறீங்க?"

பையன் சிரித்துவிட்டுத் துண்டுப்பிரசுரத்தை நீட்டினான். நான் அன்று இரவே இணையத்தில் பதிந்துவிட்டேன். இரண்டு ஆண்டுக்கு விலை மாறாது என்ற திட்டம். மாதம் இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை மிச்சமானது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் அதே நிறுவனத்தில் புதுப்பித்தேன்.

அம்மாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது 2021 அக்டோபரில். அவர்கள் விற்றது மின்சாரத்தை அல்ல, "விலை ஏறாது" என்ற வாக்கை.

இங்கே 2003-இலிருந்தே மொத்த விற்பனைச் சந்தை நடக்கிறது. அரை மணிக்கு ஒரு விலை, ஒரு நாளைக்கு 48 விலை. துவாஸ், செனோக்கோ, செராயா ஆகிய மூன்று பெரிய மின்நிலைய நிறுவனங்களையும் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் 2008-இலேயே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்றுவிட்டது. சில்லறை விற்பனையாளர் அந்தச் சந்தையில் வாங்கி, நமக்கு நிலையான விலையில் தருகிறார். சொந்த மின்நிலையம் இருக்கிறவருக்கு ஒரு பிடிமானம் இருக்கும். இல்லாதவர், வரப்போகும் மாதங்களுக்கான மின்சாரத்தை முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காசு செலவாகும். அந்தச் செலவைத் தவிர்த்தால்தான் கீழ்த்தளத்து மேசையில் எல்லாரையும்விடக் குறைந்த விலையை எழுதிப்போட முடியும். எரிவாயு மலிவாகக் கிடைத்த காலத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2021 பிற்பாதியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியபோது, இந்தோனேசியாவிலிருந்து குழாயில் வரும் எரிவாயுவிலும் தடங்கல் ஏற்பட்டது. அரை மணி விலை தாறுமாறாக ஏறியது. சில வாரங்களுக்குள் விற்பனையாளர்கள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்தினார்கள். எங்களுடையவர்களும் ஒரு மின்னஞ்சலோடு விடைபெற்றார்கள்.

"கரண்ட் போயிருமா?" என்று அம்மா கேட்டார். போகவில்லை, ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை. வயரையும் மீட்டரையும் வைத்திருக்கும் பழைய நிறுவனமான எஸ்பி குழுமம் எங்களை எடுத்துக்கொண்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கப்படும் கட்டணத்தில். பழைய ஏற்பாடு அப்படியே விட்டுவைக்கப்பட்டிருந்ததால்தான் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒப்பந்தம் அறுந்த பெரிய தொழிற்கூடங்களுக்கு இந்தக் குடை கிடையாது. அவர்கள் நேராக மொத்தச் சந்தை விலையில் போய் மோதினார்கள். கடைசியில் எரிசக்திச் சந்தை ஆணையமே எரிவாயுவைக் கையிருப்பில் வைக்க ஏற்பாடு செய்தது. 2023 ஜூலையில் மொத்தச் சந்தைக்குத் தற்காலிக விலை உச்சவரம்பும் வந்தது.

பிரிட்டனிலும் அதே பருவத்தில் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. 1990-இல் மின்துறையைப் பிரித்து விற்று உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு அது. 2021-22இல் அங்கே கிட்டத்தட்ட 30 விற்பனை நிறுவனங்கள் திவாலாயின. அந்த வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு வீட்டுக்கு ஏறத்தாழ 94 பவுண்டு என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. நிறுவனத்தை மாற்றாமல் பழைய இடத்திலேயே இருந்த பாட்டியின் பில்லிலும் அது ஏறியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். மின்துறையைப் போட்டிக்குத் திறக்க 1999-இல் சட்டம், 2002 ஜனவரியில் சந்தை திறப்பு. விற்ற யூனிட்டுக்கு மட்டுமே மின்நிலையத்துக்குக் காசு. ஆபத்துக்கு உதவத் தயாராக நிற்பதற்கென்று தனியாக எதுவும் கிடையாது. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், அந்த ஆசையில் எல்லாரும் தயாராக இருப்பார்கள் என்பது கணக்கு. 2011 பிப்ரவரிக் குளிரிலேயே அந்தக் கணக்கு பொய்த்தது. நிலையங்களைக் குளிர் தாங்கும்படி செய்யுங்கள் என்று கூட்டாட்சி அமைப்புகள் அறிக்கை கொடுத்தன. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

2021 பிப்ரவரியில் பனிப்புயல் தாக்கியது. 15-ஆம் தேதி விடியுமுன், 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓடவேண்டிய மின்கட்டமைப்பு, தேவைக்கு மின்சாரம் போதாமல் 59.4-க்குக் கீழே இறங்கி 4 நிமிடம் 23 விநாடி அங்கேயே கிடந்தது. ஒன்பது நிமிடத்தைத் தொட்டிருந்தால் மின்நிலையங்கள் தாமாகவே கழன்றுகொண்டு மாநிலம் மொத்தமும் வாரக்கணக்கில் இருண்டிருக்கும். அதைத் தடுக்க லட்சக்கணக்கான வீடுகளின் இணைப்பைத் துண்டித்தார்கள். துண்டித்த வரிசையில் எரிவாயுவைக் குழாயில் தள்ளும் கம்ப்ரசர்களும் இருந்தன. அவை நின்றதும் மின்நிலையத்துக்கு எரிவாயு வரவில்லை, வராததால் இன்னும் மின்சாரம் குறைந்தது. மாநில அரசின் கணக்குப்படி அந்தப் புயலில் இறந்தவர்கள் 246 பேர். குளிரில் விறைத்தவர்கள் இருந்தார்கள், வீட்டைச் சூடாக்கப்போய் கார்பன் மோனாக்சைடில் மூச்சடைத்தவர்களும் இருந்தார்கள்.

மக்கள் இருட்டில் கிடந்த அந்த நாட்களில் மொத்தச் சந்தையில் யூனிட் விலை 9 டாலர். ஒழுங்குமுறை ஆணையமே உத்தரவு போட்டு விலையை அந்த உச்சத்தில் நிறுத்தி வைத்தது. சில காசுக்கு விற்கும் பொருள்! மாதம் 9.99 டாலர் சந்தா மட்டும் வாங்கிக்கொண்டு சந்தை விலையை அப்படியே வாடிக்கையாளருக்குக் கடத்திய கிரிடி என்ற நிறுவனம், புயலுக்கு முன்பே தன் 29,000 வாடிக்கையாளர்களிடம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுங்கள் என்று கெஞ்சியது. புயல் நெருங்கும் வாரத்தில் அவர்களை யார் சேர்ப்பார்கள்? பலருக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது.

இதைப் படித்துவிட்டு நான் பழைய மின்வாரியத்துக்கே திரும்பச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போட்டியால் எனக்கு மிச்சமான பணம் நிஜம். ஆனால் அரிசி விலை ஏறினால் அம்மா அளவைக் குறைப்பார், தோசையை விட்டு உப்புமாவுக்கு மாறுவார். மின்சாரத்தில் அது முடியாது. அரை மணிக்கு ஒருமுறை விலையைப் பார்த்துக் குளிர்பதனப் பெட்டியை அணைக்கிற வீடு எங்கே இருக்கிறது? விற்பவர் ஒரு மின்னஞ்சலில் வெளியேறிவிடலாம், வாங்குகிறவருக்கு வெளியேற வழியில்லை. அதனால், விலை ஏறாது என்று எழுதிக் கொடுக்கிறவர் அந்த வாக்குக்கு ஈடான மின்சாரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கிய பிறகுதான் கீழ்த்தளத்தில் மேசை போடவே விட வேண்டும். இது பின்னால் திருத்திக்கொள்கிற விஷயமில்லை.

சித்தப்பா, அப்படி ஒரு மேசை உங்கள் தெருவுக்கும் வந்தால் விலைப்பட்டியலை அப்புறம் பாருங்கள். அந்த நிறுவனம் இழுத்து மூடினால் மறுநாள் காலை யார் மின்சாரம் தருவார்கள், என்ன விலைக்கு என்ற பக்கத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். என் ஒப்பந்தத்திலும் அந்தப் பக்கம் இருந்தது. அந்த மின்னஞ்சல் வந்த இரவில்தான் முதன்முதலாக அதைத் திறந்து படித்தேன்.